கரையில் கிடைத்த ஒற்றை ஓடு எந்த இனம்?

நீங்கள் கேட்டது இது: கடற்கரையில் ஒற்றைச் சிப்பி ஓடு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், நல்ல கனம், வெளுத்த நிறம். மூக்கிலிருந்து (ஓட்டின் மேல்முனையில் உருண்டு நிற்கும் கூம்பிலிருந்து) விளிம்புவரை விசிறி மாதிரி மேடான வரிகள், வரிகளின் மேல் சின்னச் சின்ன முடிச்சுகள். படம் எடுத்துச் செயலியில் போட்டால் ஒருமுறை ‘காக்கிள்’ என்கிறது, இன்னொருமுறை வேறு பெயர் சொல்கிறது. இது என்ன இனம்? ஓடு மட்டும் கையில் இருந்தால் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். குடும்பம் எது என்பதை ஏறக்குறைய எப்போதுமே சொல்லிவிடலாம். பேரினமும் பல நேரம் தெரிந்துவிடும். இனம்வரை போக வேண்டுமானால் ஓடு அதிகம் தேயாமல் இருக்க வேண்டும், எந்தக் கடலில் கிடைத்தது என்பதும் தெரிய வேண்டும். ஆனால் நீங்கள் அனுப்பியிருப்பது முதுகுப்பக்கப் படம் மட்டும். செயலி தடுமாறியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஓட்டைத் திருப்பிப் போட்டு உட்பக்கத்தைப் பாருங்கள். சிப்பியை அடையாளம் காண்பதில் முக்கால்வாசி வேலை அங்கேதான் இருக்கிறது.

ஏன் அப்படி? வெளிப்பக்கம் அலைக்கும் மணலுக்கும் எதிரிகளுக்கும் ஈடுகொடுத்து உருவாவது. ஒரே மாதிரி மணலில், ஒரே மாதிரி ஆபத்துகளோடு வாழும் குடும்பங்கள், தங்களுக்குள் நெருங்கிய உறவே இல்லாவிட்டாலும், ஒரே மாதிரி வரிகளை வளர்த்துக்கொள்கின்றன. விசிறி வரிகள் காக்கிள்களுக்கு உண்டு, ஆர்க் சிப்பிகளுக்கு உண்டு, விசிறிச் சிப்பி எனப்படும் ஸ்காலப்களுக்கு உண்டு, கார்டிட்டா வகைகளுக்கும் உண்டு. உட்பக்கம் வேறு கதை. அங்கே உயிரின் உடம்பே ஒட்டிக்கொண்டிருந்தது. தசை பிடித்த இடம், மேன்டில் (ஓட்டின் உட்பக்கத்தை ஒட்டிப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதை) ஒட்டிய கோடு, இரண்டு ஓடுகளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட பற்கள் எல்லாம் உயிர் போன பிறகும் அப்படியே பதிந்திருக்கும். நான் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் நிறத்தையும் வரியையும் பார்த்துத்தான் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்தேன். பல மாதம் கழித்து ‘வரிச் சிப்பி’ என்று எழுதியிருந்த பெட்டியைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோது, அதற்குள் மூன்று குடும்பங்கள் இருந்தன. அன்றிலிருந்து எந்த ஓட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்புவதே வழக்கமாகிவிட்டது.

அதற்கு முன் ஒரே ஒரு சரிபார்ப்பு. கையில் இருப்பது உண்மையில் இருவோட்டுச் சிப்பிதானா? பிராக்கியோபாடு என்ற வேறொரு தொகுதி உயிரிக்கும் இரண்டு ஓடுகள் உண்டு. அதில் ஒவ்வொரு ஓடும் நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக இருக்கும், ஆனால் மேலோடும் கீழோடும் ஒன்றுபோல இருக்காது. சிப்பியில் பொதுவாக இதற்கு நேர்மாறு: இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, ஒவ்வொரு ஓடும் தன்னளவில் கோணல். உங்களுடையதில் மூக்கு சற்றே ஒருபுறம் ஒதுங்கியிருக்கிறது. சரி, சிப்பிதான்.

அடுத்து இடது ஓடா வலது ஓடா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது எதற்கு என்று தோன்றலாம். பல இனங்களில் இரண்டு ஓடுகளின் பற்களும் ஒன்றல்ல. சிலவற்றில் நிறம்கூட வேறு. அமூசியம் பிளூரோனெக்டெஸ் என்ற ஸ்காலப்பின் இடது ஓடு செம்பழுப்பு, வலது ஓடு வெள்ளை. தனித்தனியாகக் கிடைத்தால் இரண்டு இனம் என்றே எண்ணிவிடுவோம். கண்டுபிடிக்கும் வழி எளிது. மூக்கு மேலே, குழிந்த உட்பக்கம் உங்களைப் பார்க்கும்படி ஓட்டைப் பிடியுங்கள். உயிரின் பின்புறம் உங்களுக்கு வலப்பக்கம் வந்தால் வலது ஓடு, இடப்பக்கம் வந்தால் இடது ஓடு. பின்புறம் எது? இரண்டு ஓடுகளையும் சேர்த்துக் கட்டும் கீல்நார் வெளியே தெரியும் வகைகளில், அது பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும். மூக்கு பெரும்பாலும் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த இரண்டாவது விதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். டோனாக்ஸ் என்ற ஆப்பு வடிவ மட்டியில் மூக்கு பின்னோக்கித் திரும்பியிருக்கும், பின்புறம்தான் குட்டையானது. நீண்டு கூர்ந்த பக்கத்தைப் பின்புறம் என்று பலரும் தவறாக வரைகிறார்கள். கீல்நார் இருந்த தடத்தைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி பற்கள். மூக்குக்கு அடியில், இரண்டு ஓடுகளும் சேரும் இடத்தில் தடித்த மேடை மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் கீல். உங்கள் கேள்விக்கான விடையே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். காக்கிள்களின் கார்டியிடே குடும்பத்தில் மூக்குக்கு நேர் கீழே இரண்டு நடுப்பற்கள் இருக்கும். அவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி முன்னும் பின்னும் பக்கப்பற்கள் தனியாக இருக்கும். ஆர்க் சிப்பிகளின் ஆர்சிடே குடும்பத்தில் இப்படி எதுவும் கிடையாது. கீல் முழுக்க நேர்கோடு. அதில் சீப்புப் பல் மாதிரி, ஏறக்குறைய ஒரே அளவில், வரிசையாக நிறையச் சிறு பற்கள். இந்த வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே முடியாது. அதே மாதிரி நிறையப் பற்கள், ஆனால் நேர்கோட்டில் இல்லாமல் வில்லாக வளைந்திருந்தால் அது கிளைசிமெரிஸ் பக்கம் போகும். தேய்ந்த கிளைசிமெரிஸ் ஓடு வெளியே வழவழவென்று உருண்டையாக, எந்த மட்டியோ என்று எண்ணவைக்கும். திருப்பினால் நொடியில் தெரிந்துவிடும்.

வெனெரிடே குடும்பம், அதாவது கடற்கரைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் மட்டிகளின் பெரிய குடும்பம், ஒவ்வொரு ஓட்டிலும் மூன்று நடுப்பற்களைக் கொண்டது. அவை மூக்கின் அடியிலிருந்து விரிந்து நிற்கும். மேக்ட்ரிடே குடும்பத்து ஓடு வெளியிலிருந்து பார்க்க இவற்றைப் போலவே இருக்கும். ஆனால் கீலின் நடுவே கரண்டிபோல் ஒரு குழி, ஓட்டுக்கு உள்ளேயே இருக்கும் கீல்நார் உட்கார்ந்திருந்த இடம், தெளிவாகத் தெரியும். இடது ஓட்டில் அந்தக் குழிக்கு முன்னால் கூரை வடிவத்தில் ஒரு பல். மியா அரினேரியா என்ற மட்டியில் இந்தக் கரண்டி இடது ஓட்டிலிருந்து நாக்கு மாதிரி வெளியே நீண்டே நிற்கும். ஸ்பாண்டிலஸ் என்ற முட்சிப்பியில் இரண்டு உருண்டைப் பற்கள் எதிர் ஓட்டின் இரண்டு குழிகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அவ்வளவு இறுக்கம் என்பதால், பல்லை உடைக்காமல் இரண்டு ஓடுகளையும் பிரிப்பதே கடினம். ஸ்காலப்பில் உருப்படியான பல் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு முக்கோணக் குழியும் இருபுறமும் காது மாதிரி நீட்சிகளும் மட்டுமே.

பல்லின் எண்ணிக்கை இனம்வரைகூட அழைத்துப் போகும். பச்சை மஸ்ஸல், அதாவது பெர்னா விரிடிஸ், மூக்கு நுனிக்கு உள்ளே வலது ஓட்டில் ஒரு பல்லும் இடது ஓட்டில் இரண்டும் வைத்திருக்கும். முத்துச்சிப்பிகளில் பிங்க்டாடா ஃபுகாட்டாவுக்குக் கீலில் சிறு பற்கள் உண்டு. கருவுதட்டு முத்துச்சிப்பியான பிங்க்டாடா மார்கரிட்டிஃபெராவுக்கு இல்லை. நிறம் போய், விளிம்பு உடைந்து கிடக்கும் துண்டில்கூட கீல் தப்பியிருந்தால் இவ்வளவும் படிக்கலாம். ஓட்டிலேயே தடித்த இடம் அது என்பதால் பெரும்பாலும் தப்பித்தான் இருக்கும்.

பல்லுக்கு அடுத்தது தழும்புகள். ஓட்டை மூடி வைத்திருந்த தசைகள் ஒட்டிய இடம், சுற்றியுள்ள பகுதியைவிடக் கொஞ்சம் மினுங்கியோ மங்கியோ தெரியும். மட்டி, காக்கிள், ஆர்க் எல்லாவற்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு. மஸ்ஸல்களில் முன்தழும்பு மிகச் சிறியது, பெர்னாவில் அதுவும் கிடையாது. ஸ்காலப், ஆளி (ஆய்ஸ்டர்), முத்துச்சிப்பி ஆகியவற்றில் நடுவை ஒட்டி ஒரே ஒரு பெரிய தழும்பு. தெரியவில்லை என்றால் ஓட்டை ஈரமாக்காமல், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கொளி சாய்வாக விழும்படி வையுங்கள். நேரடி வெளிச்சத்தில் காணாமல் போகும் கோடு சாய்ந்த ஒளியில் எழுந்து நிற்கும்.

இந்த இரண்டு தழும்புகளையும் இணைத்து, விளிம்புக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு ஓடும். மேன்டில் தசைகள் ஓட்டில் பிடித்திருந்த கோடு இது. சில ஓடுகளில் இந்தக் கோடு பின்தழும்பை நெருங்கும்போது உள்ளே வளைந்து ஒரு குடா போட்டுவிட்டுப் போகும். அதை மேன்டில் குடா என்போம். ஓட்டில் எனக்கு மிகப் பிடித்த அடையாளம் இதுதான். மணலுக்குள் புதைந்து வாழும் மட்டி, தண்ணீரை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பின்புறமாக இரண்டு குழாய்களை மேலே நீட்டுகிறது. ஆபத்து வந்தால் அவற்றை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கும் தசைகள் பிடித்த இடமே அந்தக் குடா. குழாய் நீளமானால் தசையும் பெரிது, குடாவும் ஆழம். ஆகவே எந்த நாளிலோ செத்துப்போன உயிர் மணலில் எவ்வளவு ஆழத்தில் இருந்திருக்கும் என்பதைக் கையிலுள்ள காலி ஓட்டைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். டெல்லினிடே வகைகளில் குடா ஓட்டின் பாதியையும் தாண்டிப் போகும். மெரெட்ரிக்ஸ் மட்டிகளில் அது ஆழமே இல்லாத லேசான வளைவு. காக்கிளிலும் ஆர்க்கிலும் குடாவே இல்லை. மேல் மணலிலேயே இருந்துவிடுபவை, நீண்ட குழாய்க்குத் தேவை இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போக மனமில்லை. லூசினிடே குடும்பம் ஆழமாகவே புதைந்து வாழ்கிறது, ஆனால் ஓட்டில் குடா கிடையாது. காரணம், அவை தண்ணீரை முன்புறமிருந்து எடுக்கின்றன. நீண்ட மெல்லிய காலால் மணலில் தாங்களே ஒரு குழாய் போட்டுக்கொள்கின்றன. செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சேற்றிலுள்ள சல்ஃபைடைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. இந்த விசித்திர வாழ்க்கையும் ஓட்டில் தெரியும்: முன்தழும்பு நீண்டு ஒடுங்கி, மேன்டில் கோட்டிலிருந்து பிரிந்து, விரல் மாதிரி கீழே தொங்கும். வெள்ளையான, வட்டமான, பார்க்கச் சாதாரணமான ஓடு கிடைத்தால் இந்த விரலைத் தேடிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வெளிப்பக்கத்துக்கு வர வேண்டும். குடும்பம் தெரிந்துவிட்டால் வெளிப்பக்க விவரம் ஒவ்வொன்றும் திடீரென்று பயன்படத் தொடங்கும். முக்கியமாக வரிகளின் எண்ணிக்கை. மூக்கருகே எண்ணாதீர்கள், அங்கே தேய்ந்திருக்கும். விளிம்பை ஒட்டி, பென்சிலால் ஐந்துக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணுங்கள். முன்கோடியிலும் பின்கோடியிலும் வரிகள் மெலிந்துபோகும், அவற்றை விட்டுவிடக் கூடாது. இரண்டு முறை எண்ணி ஒரே எண் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் வரியைவிட அகலமா குறுகலா, முடிச்சுகள் எல்லா வரியிலும் உண்டா என்பதையும் பாருங்கள். வரி விஷயத்திலும் உட்பக்கம் உதவும் இடம் ஒன்று உண்டு. செராஸ்டோடெர்மா எடூலே, செராஸ்டோடெர்மா கிளாக்கம் என்ற இரண்டு காக்கிள்கள் வெளியே ஏறக்குறைய ஒன்றே. உள்ளே பார்த்தால், வரிகளுக்கேற்ற பள்ளக்கோடுகள் எடூலேயில் விளிம்பருகே மட்டும் நின்றுவிடும், கிளாக்கத்தில் மூக்கை நோக்கி உள்ளே ஓடும்.

நிறத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வெளுக்கும், காற்றில்லாத சேற்றில் புதைந்தால் கருக்கும், இரும்புச் சத்துள்ள மணலில் ஆரஞ்சு ஏறும். கரையில் கிடக்கும் ஓடுகளில் சில ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழையவை என்று கதிரியக்கக் கார்பன் சோதனையில் தெரிந்திருக்கிறது. அவற்றின் நிறம் உயிரோடு இருந்தபோதைய நிறமே அல்ல. மூக்கருகே வட்டமான துளை இருந்தால் அதையும் இனத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் வேட்டையாடும் நத்தை துளைத்தது. மேலே அகன்று உள்ளே குறுகும் துளை என்றால் நாட்டிசிடே குடும்பத்து நத்தையாக இருக்கலாம். அனோமியா மட்டும் விலக்கு: அதன் வலது ஓட்டில் இருக்கும் பெரிய துளை பிறவியிலேயே உள்ளது, பாறையைப் பிடிக்கும் நார் அதன் வழியே போகும். வெளியே தெரியும் வளையங்களை எண்ணி வயதைச் சொல்வதும் நம்பகமில்லை. ஆர்க்டிகா ஐலாண்டிகா என்ற மட்டியில் 507 ஆண்டு வயது கண்டார்களே, அது 2006-ல் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த ஓட்டை அறுத்து, உள்ளே இருந்த கோடுகளை எண்ணியது.

எல்லா ஓடும் இப்படி விடை சொல்லிவிடாது. ஆளிகள்தான் பெரிய சிக்கல். பாறையில் ஒட்டி வளர்வதால் ஒட்டிய இடத்தின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும். ஒரே இனம் ஓரிடத்தில் வட்டமாகவும் இன்னோரிடத்தில் செருப்பு மாதிரி நீண்டும் வளரும். கீலுக்கு இருபுறமும் உள்விளிம்பில் சின்னப் புள்ளிமேடுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது உதவும்: ஆஸ்ட்ரியாவிலும் சாக்கோஸ்ட்ரியாவிலும் உண்டு, கிராசோஸ்ட்ரியாவில் இல்லை. எந்த ஓடு ஒட்டியிருந்தது என்பதும் உதவும்: ஆளிகள் இடது ஓட்டால் ஒட்டும், முட்சிப்பிகள் வலது ஓட்டால். ஆனால் ஆளியின் இனத்தை ஓட்டைப் பார்த்து யாராவது சட்டென்று அடித்துச் சொன்னால் நான் நம்பத் தயங்குவேன். அங்கே மரபணுச் சோதனைதான் முடிவான சான்று.

பெயர்கள் மாறுவதைப் பார்த்தும் மிரள வேண்டாம். நூலுக்கு நூல் வேறு பெயர் இருப்பதால் வேறு இனம் என்று எண்ணிவிடுகிறார்கள். 1758-ல் இயற்கை அறிவியலாளர் லின்னேயஸ் ஆர்கா கிரனோசா என்று பெயர் வைத்த சிப்பி, பிறகு அனடாரா கிரனோசா ஆனது, இப்போது டெகிலார்கா கிரனோசா என்று எழுதப்படுகிறது. பேரினப் பெயர் மாறினாலும் பின்பாதி அப்படியே நிற்கிறது பாருங்கள். கிரனோசா என்றால் மணிமணியாக இருப்பது. உலகக் கடலுயிரிப் பதிவேட்டின் இணையதளத்தில் பழைய பெயரைக் கொடுத்தால் இன்றைய பெயரைக் காட்டிவிடும்.

இந்தப் பெயரை எடுத்துக்காட்டாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் ஓடு இதுவாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். கனமான ஓடு, அகலமான வரிகள், வரிமேல் மணிகள், 5 செ.மீ. எல்லாம் பொருந்துகின்றன. இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் இதை இரத்தச் சிப்பி என்பார்கள். உறுதிப்படுத்த மூன்று படம் வேண்டும்: ஓட்டின் உட்பக்கம் முழுவதும், கீல் மட்டும் அருகிலிருந்து, மூக்குக்கு நேர் மேலிருந்து ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். கழுவுவதற்குத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். வினிகர் ஓட்டைக் கரைத்துவிடும், பிளீச் மேல்தோலை அழித்துவிடும். ஆர்க் சிப்பிகளுக்குப் பழுப்பு நிற மேல்தோல் உண்டு. வரிகளுக்கு இடையே அதன் மிச்சம் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு சான்று.

கீலில் இரண்டு நடுப்பற்களும் தள்ளிப் பக்கப்பற்களும் இருந்தால் நான் நினைத்தது தவறு, செயலி சொன்ன காக்கிள்தான் சரி. நேர்கோட்டில் சீப்புப் பற்கள் இருந்தால் ஆர்க் என்பது முடிவு. அப்புறம் வரிகளை எண்ணுங்கள். 15 முதல் 20-க்குள், பெரும்பாலும் 18-ஐ ஒட்டி வந்து, ஓடு உருண்டு திரண்டிருந்தால் டெகிலார்கா கிரனோசா. எண்ணிக்கை அதற்கு நெருக்கமாக இருந்தும் ஓடு இன்னும் நீளவாக்கில் இருந்தால் அதன் நெருங்கிய உறவான டெகிலார்கா நோடிஃபெராவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 40-ஐ ஒட்டி வந்தால் அனடாரா ஆன்டிகுவாட்டா பக்கம் போக வேண்டும். இவை இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் பகுதிகளின் சிப்பிகள். உங்கள் ஓடு வேறு கடலில் கிடைத்தது என்றால் இந்தப் பெயர்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கடலின் ஆர்க் சிப்பிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் வரி எண்ணிக்கையோடு, எந்தக் கடற்கரை என்பதையும் எழுதி அனுப்புங்கள்.